செகண்ட் ஹேண்டா, ரீஃபர்பிஷ்டா? மதுரையில் பழைய கேமரா வாங்க முழுமையான வழிகாட்டி

கல்யாண வேலைக்கு இறங்கும் பையன்கள், யூடியூப் தொடங்குகிறவர்கள், விஸ்காம் மாணவர்கள் என்று பழைய கேமரா தேடுகிறவர்களில் பெரும்பாலானோர் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். மாடலை முடிவு செய்து, விலை பேசி, அட்வான்ஸும் கொடுத்துவிட்டு, அதற்கு அப்புறம் கேமராவைச் சோதிக்கிறார்கள். பணம் கைமாறிவிட்டால் எந்தக் குறையும் "பரவாயில்லை" என்றுதான் தோன்றும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். பைசா செலவில்லாமல் கழித்துக்கட்டக்கூடியதை முதலில் கழித்துவிட்டு, நேரம் பிடிக்கும் சோதனைகளைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன்.

1. பீஸ் யார் கையிலிருந்து வருகிறது என்று பிரியுங்கள்

புதிது அல்லாத கேமரா நாலு வழியில் வரும். முதலாவது, தனி ஆள் தன் கேமராவை நேரடியாக விற்பது. இரண்டாவது, கடைக்காரர் எக்ஸ்சேஞ்சில் எடுத்ததைத் துடைத்து வைத்து விற்பது. மூன்றாவது, ஒரு கடையோ ஆன்லைன் நிறுவனமோ பழைய பீஸை வாங்கிப் பழுது பார்த்து, சில மாத வாரன்டியோடு விற்பது. நான்காவது, தயாரித்த கம்பெனியே திரும்ப வாங்கிச் சரிசெய்து விற்பது.

அமெரிக்காவில் கேனான், நிகான் போன்ற கம்பெனிகள் நான்காவது வகையை நேரடியாகவே விற்கின்றன. நம் ஊரில் ரீஃபர்பிஷ்டு என்று சொல்லி வருவதில் பெரும்பகுதி மூன்றாவது வகை. இரண்டாவது வகையையே அந்தப் பெயரில் விற்கிறவர்களும் உண்டு. ஓபன் பாக்ஸ், டெமோ பீஸ் என்பவை வேறு. அவை கடை ஷோகேஸில் இருந்தவை, அல்லது யாரோ பெட்டியைப் பிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தவை. பழுது பார்த்தவை என்று பொருள் கிடையாது.

விற்பவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். யார் திறந்து பார்த்தது? என்ன பார்ட் மாற்றினார்கள்? ஆறு மாதத்தில் நின்றுபோனால் யார் செலவு? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வந்தால் அது ரீஃபர்பிஷ்டு. "எல்லாம் பக்காவா செக் பண்ணிருக்கு தம்பி" என்ற பதில் மட்டும் வந்தால் அது செகண்ட் ஹேண்ட்தான். அப்போது செகண்ட் ஹேண்ட் விலைக்குத்தான் பேச வேண்டும்.

2. மொத்தப் பணத்தை முதலில் பிரியுங்கள்

கையிலிருக்கும் பணம் முழுவதையும் பாடிக்கே (லென்ஸ் நீங்கலான கேமரா) போட்டுவிட்டு, அதோடு சேர்ந்து வரும் கிட் லென்ஸோடு மண்டபத்துக்குள் நிற்பவர்களை நிறையப் பார்க்கலாம். படத்தின் தரத்தில் லென்ஸுக்கும் லைட்டுக்கும் பெரிய பங்கு உண்டு. லென்ஸ் பாடியைவிட அதிக நாள் உழைக்கும், விலையும் மெதுவாகத்தான் இறங்கும்.

பணத்தில் சரிபாதியை லென்ஸுக்கு ஒதுக்குங்கள். பத்தில் ஒரு பங்கைத் தொடாமல் வையுங்கள். புது பேட்டரி, புது மெமரி கார்டு, சென்சார் (படத்தைப் பதியும் சில்லு) கிளீனிங், எதிர்பாராத சின்ன ரிப்பேர் எல்லாம் அதிலிருந்து வரவேண்டும். மிச்சம் இருப்பதுதான் பாடி பட்ஜெட்.

மெமரி கார்டை மட்டும் பழசு வாங்காதீர்கள். எத்தனை முறை எழுதி அழித்தது என்று வெளியே தெரியாது, போலியும் அதிகம். பேட்டரி இலவசமாக வந்தால் வாங்கிக்கொள்ளலாம், அதற்கு விலை போடக் கூடாது. ட்ரைபாட், பை போன்றவை பழசே போதும். ஃபிளாஷ் என்றால் ஃபுல் பவரில் தொடர்ந்து சில முறை அடித்துப் பாருங்கள். ரெடி லைட் திரும்ப எரிய ரொம்ப நேரம் எடுத்தால் விட்டுவிடுங்கள்.

3. எதற்கு வாரன்டி வேண்டும் என்று முடிவு செய்யுங்கள்

லென்ஸைப் பழசாக வாங்குங்கள். பாடிக்கு, விலை வித்தியாசம் நியாயமாக இருந்தால், ரீஃபர்பிஷ்டு பாருங்கள். இதுதான் என் கணிப்பு. லென்ஸின் குறைகளில் பெரும்பாலானவை அரை மணி நேரச் சோதனையில் வெளியே வந்துவிடும். பாடியில் அப்படி இல்லை. மெயின் போர்டு, ஷட்டர் (கிளிக் செய்யும்போது திறந்து மூடும் திரை), கனெக்டர் இவற்றின் பழுது இன்று ஒளிந்துகொண்டு அடுத்த மாதம் தலை காட்டும். வாரன்டிக்கு விலை கொடுப்பது அங்கேதான் அர்த்தமுள்ளது.

கல்யாண வேலை செய்பவருக்கு மட்டும் கணக்கு மாறும். தாலி கட்டும் நேரத்தில் கேமரா நின்றால் ஆறு மாத வாரன்டி ஒன்றும் செய்யாது. கேமராவை வேண்டுமானால் சரிசெய்து தருவார்கள். போன முகூர்த்தம் போனதுதான். அவருக்கு ஒரு ரீஃபர்பிஷ்டு பாடியைவிட, அதே பணத்தில் ஒரே மாடலில் இரண்டு பழைய பாடி நல்லது. பேட்டரி, கார்டு, லென்ஸ் எல்லாம் இரண்டுக்கும் பொருந்தும். ஒன்று படுத்தால் மற்றதை எடுத்துக்கொண்டு வேலையை முடிக்கலாம்.

இரண்டு வாங்கப் பணம் இல்லையா? அப்படியென்றால் இரண்டு கார்டு ஸ்லாட் உள்ள ஒரு பாடி வாங்கி, முகூர்த்த நாளில் இன்னொன்றை வாடகைக்கு எடுங்கள். நிகான் டி750, கேனான் 5டி மார்க் 4, சோனி ஏ7 3 இவற்றில் இரண்டு ஸ்லாட் உண்டு. கேனான் 6டி மார்க் 2-இல் ஒன்றுதான். விலை குறைவு என்று அதை எடுக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை.

வீட்டு விசேஷம், ஊர் சுற்றல் என்று பொழுதுபோக்குக்கு எடுப்பவருக்கு அவசரம் கிடையாது. ஒரு பழைய பாடி, ஜூம் இல்லாத ஒரு 50 எம்எம் பிரைம் லென்ஸ் போதும்.

4. சர்வீஸ் சென்டருக்கு முன்கூட்டியே ஒரு போன்

மாடலை ஒன்றிரண்டாகக் குறைத்ததும், விற்பவரைத் தேடுவதற்கு முன்பே, அந்தக் கம்பெனியின் சர்வீஸுக்குப் போன் செய்யுங்கள். இந்த மாடலுக்குப் பார்ட் இன்னும் வருகிறதா, ஷட்டர் மாற்றினால் மொத்தச் செலவு எவ்வளவு, மதுரையிலேயே பார்ப்பீர்களா வெளியூருக்கு அனுப்புவீர்களா, எத்தனை நாள் ஆகும் என்று கேட்டு, பதிலை எழுதி வையுங்கள்.

விலை பேசும்போது கையில் இருக்க வேண்டிய ஒரே உறுதியான எண் இந்த ஷட்டர் செலவுதான். இது தெரியாமல் ரீஃபர்பிஷ்டுக்குக் கூடுதலாக ஐயாயிரமா, பத்தாயிரமா என்று முடிவு செய்ய முடியாது.

உள்ளே மிரர் உள்ள டிஎஸ்எல்ஆர் பாடிகள் இப்போது மலிவாகக் கிடைக்கக் காரணம், ஸ்டூடியோக்காரர்கள் மிரர் இல்லாத மிரர்லெஸ்ஸுக்கு மாறுவது. விலை இறங்கியதால் வாங்குகிறவருக்கு லாபம்தான். ஆனால் பார்ட் வரத்தும் மெல்லக் குறையும் என்பதால் இந்த போனைத் தவிர்க்காதீர்கள்.

5. நேரில் போகுமுன் போனிலேயே கழியுங்கள்

ஊர் ஊராக அலைவதற்கு முன், விற்பவரிடம் நாலு விஷயம் கேட்டு வாங்குங்கள்.

முதலாவது, சீரியல் நம்பர் தெரியும் படமும் ஒரிஜினல் பில்லும். பாடியில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பில் இல்லை என்பதாலேயே திருட்டுப் பொருள் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் பில்லும் இல்லை, பெட்டியும் இல்லை, எங்கே வாங்கியது என்ற கேள்விக்குப் பதிலும் இல்லை என்றால் விலகுங்கள். திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ நேர்மையின்றி வாங்குவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-ஆவது பிரிவில் குற்றம்.

இரண்டாவது, ஷட்டர் கவுண்ட், அதாவது ஷட்டர் இதுவரை எத்தனை முறை ஓடியது என்ற எண். புதியவர்கள் அதிகம் ஏமாறுவது இதில்தான். படக் கோப்பின் பெயரில் 4521 என்று இருந்தால் நாலாயிரத்துச் சொச்சம் கிளிக்தான் ஆகியிருக்கிறது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்த எண் 9999-ஐத் தொட்டதும் மறுபடி 0001-க்கு வந்துவிடும். மெனுவில் ரீசெட் செய்யவும் முடியும். அது ஷட்டர் கவுண்ட் கிடையாது.

நிகானில் உண்மையான எண், படக் கோப்புக்குள் கேமரா தானே எழுதிவைக்கும் எக்ஸிஃப் தகவலில் இருக்கும். சோனியின் பல மாடல்களிலும் அப்படியே. கேனானில் பெரும்பாலான மாடல்களின் படக் கோப்பில் அது இருக்காது. யுஎஸ்பி கேபிளில் லேப்டாப்போடு இணைத்து, அதற்கென்று உள்ள மென்பொருளில்தான் பார்க்க முடியும். படத்தை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லும்போது டாக்குமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். சாதாரணப் படமாக அனுப்பினால் எக்ஸிஃப் உதிர்ந்துவிடும். எடிட் செய்யாத, அன்றைக்கே எடுத்த படமாகவும் இருக்க வேண்டும்.

கிடைத்த எண்ணை எதோடு ஒப்பிடுவது? கேனான் 6டி மார்க் 2-க்கு கம்பெனி சொல்லும் ஷட்டர் ஆயுள் 1 லட்சம். 5டி மார்க் 4, நிகான் டி750 இரண்டுக்கும் 1.5 லட்சம். டி850, சோனி ஏ7 3 இரண்டுக்கும் 2 லட்சம். இது காலாவதித் தேதி மாதிரி கிடையாது. தாண்டியும் ஓடும், முன்பேயும் போகும். ஆனாலும் பாதிக்கு மேல் ஓடிய பாடிக்கு, ஷட்டர் மாற்றும் செலவில் ஒரு பங்கை விலையில் கழித்துக் கேட்பது நியாயம்.

மூன்றாவது, வீடியோவுக்கு ஓடியதா என்ற கேள்வி. ஷட்டர் கவுண்ட் குறைவாக இருக்கும் பாடி, மண்டபம் மண்டபமாக வீடியோ மட்டுமே எடுத்ததாக இருக்கலாம். மணிக்கணக்கில் சூடேறி ஓடியது அந்த எண்ணில் பதிவாகாது. "போட்டோவுக்கா வீடியோவுக்கா ஓடுச்சுண்ணே?" என்று சாதாரணமாகக் கேளுங்கள். குற்றம் சாட்டுவது போல இல்லாமல் கேட்டால் பெரும்பாலும் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

நான்காவது, எந்த ஊரில், எப்படி இருந்தது? கொடைக்கானலில் இருந்த லென்ஸ் என்றால் ஃபங்கஸ் சோதனையை இரண்டு முறை செய்யுங்கள். அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் ஜல்லிக்கட்டுக்குப் போய்வந்த பாடி என்றால் வாடிவாசல் புழுதி ஜூம் ரிங்கிலும் பட்டன் இடுக்கிலும் இருக்கும். சித்திரைத் திருவிழாவில் அழகர் மேல் தண்ணீர் பீய்ச்சுவார்களே, அந்தக் கூட்டத்துக்குள் நின்று எடுத்த கேமராவில் ஃபிளாஷ் மாட்டும் ஹாட் ஷூவும் பேட்டரி அறையும் பச்சை பூத்திருக்கிறதா என்று பாருங்கள். டாக்டர் வீட்டுக் கார் என்பதுபோல் "ஒரு டாக்டர் வச்சிருந்தது" என்று வரும் கேமராக்களும் உண்டு. மதுரையில் அத்தனை டாக்டர்களும் போட்டோகிராபர்களா என்று கேட்டுவிடாதீர்கள், பேரம் கெட்டுவிடும்.

6. எங்கே சந்திப்பது, என்ன கொண்டுபோவது

இரவு ஏழு மணிக்கு மாட்டுத்தாவணியில் பஸ் ஏறும் அவசரத்தில் கேமராவைப் பார்க்காதீர்கள். பகல் வெளிச்சம், ஒரு வெள்ளைச் சுவர், உட்கார ஒரு மேசை, ஒரு மணி நேரம் இவை வேண்டும். விற்பவரின் ஸ்டூடியோவோ வீடோ மிகவும் நல்லது. ஆள் யார், கேமரா எப்படி வைக்கப்பட்டிருந்தது என்பதும் தெரிந்துவிடும்.

கொண்டுபோக வேண்டியவை: ஃபார்மேட் செய்த உங்கள் கார்டு, லேப்டாப், யுஎஸ்பி கேபிள், எச்டிஎம்ஐ கேபிள், ஒரு டார்ச், தூசி ஊதும் ப்ளோயர், ஒரு முழு தினசரித்தாள், செல்லோடேப். பாடி மட்டும் வாங்குவதாக இருந்தால் நல்ல நிலையில் உள்ள ஒரு லென்ஸை நண்பரிடம் கடன் வாங்கிப் போங்கள். இல்லையென்றால் தவறு பாடியிலா லென்ஸிலா என்று பிரிக்க முடியாது. லென்ஸ் வாங்கும்போது இதையே திருப்பிச் செய்யுங்கள்.

7. பாடியைச் சோதிக்கும் வரிசை

சுவிட்சைப் போடுவதற்கு முன் வெளியே பாருங்கள். அடியிலும் லென்ஸ் மாட்டும் மவுண்டைச் சுற்றியும் உள்ள ஸ்க்ரூக்களின் தலை தேய்ந்திருந்தால் யாரோ திறந்திருக்கிறார்கள். ரீஃபர்பிஷ்டு என்றால் திறந்திருப்பது இயல்பு. ஆனால் சரியான டிரைவரில் திறந்தவரின் ஸ்க்ரூ கடித்திருக்காது. "திறக்கவே இல்லை" என்று சொல்லப்பட்ட பழைய பீஸில் இது இருந்தால் அங்கேயே நிறுத்துங்கள். மூலையில் அடிபட்ட தழும்பு, ஒட்டிய கிரிப் ரப்பர் இரண்டும் விழுந்த கதையைச் சொல்லும். கைப்பிடி தேய்ந்து பளபளப்பது உழைப்பின் அடையாளம் மட்டுமே. அதற்குப் பயப்பட வேண்டாம்.

அடுத்து ஓட்டைகள். கல்யாணத்தில் எல்இடி வால், மிக்ஸர் என்று கேபிள் போட்டே ஓடிய பாடியில் முதலில் தளர்வது எச்டிஎம்ஐ சாக்கெட். கேபிளைச் செருகி, படம் திரையில் வந்த பிறகு, பிளக்கை லேசாக மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். படம் விட்டுவிட்டு வந்தால், அதைச் சரிசெய்ய போர்டு வரை கை வைக்க வேண்டியிருக்கும். இந்த ஒரு சோதனையை யாருமே செய்வதில்லை. வீடியோ பாடியை அடையாளம் காட்டுவதும் இதுதான்.

அப்புறம் சென்சார். அப்பர்ச்சரை (லென்ஸில் வெளிச்சம் நுழையும் துளை) எஃப் 16-க்கு மூடுங்கள், ஐஎஸ்ஓ (வெளிச்ச உணர்திறன்) 100, ஃபோகஸை மேனுவலில் வேண்டுமென்றே கலையுங்கள், வெள்ளைச் சுவரையோ வானத்தையோ எடுங்கள். சூரியன் மட்டும் ஃப்ரேமுக்குள் வரக் கூடாது. படத்தைப் பெரிதாக்கி மூலை மூலையாகப் பாருங்கள். கரும்புள்ளிகள் தெரிந்தால் சென்சார் கிளீனிங் மோடில் மிரரைத் தூக்கி ப்ளோயரால் ஊதிவிட்டு மறுபடி எடுங்கள். புள்ளி இடம் மாறினால் தூசி. அதே இடத்தில் நின்றால் ஒட்டிய அழுக்கோ கீறலோ. எஃப் 16-இல் சோதிப்பதற்குக் காரணம் உண்டு: அகலத் திறந்த அப்பர்ச்சரில் சென்சார் தூசி கரைந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் விற்பவர் காட்டும் போர்ட்ரெயிட் படங்கள் எல்லாம் சுத்தமாக இருக்கின்றன.

இப்போது பாடி மூடியைப் போட்டு, இருட்டில் சில விநாடி எக்ஸ்போஷரில் ஒரு படம் எடுங்கள். ஒன்றிரண்டு வண்ணப் புள்ளிகள் எந்தக் கேமராவிலும் வரலாம். படம் முழுக்க நீளும் ஒரு கோடு, அல்லது சுற்றிலும் கோடு கிளம்பும் ஒரு புள்ளி தெரிந்தால் லேசர் பட்ட சென்சாராக இருக்கலாம். ரிசப்ஷன் மேடையிலும் கோயில் திருவிழாக் கச்சேரியிலும் சுழலும் லேசர் நேராக லென்ஸில் பட்டால் சென்சார் கெடும். அதைச் சுத்தம் செய்து சரிசெய்ய முடியாது. சென்சாரையே மாற்ற வேண்டும், அதற்குப் பழைய பாடியின் விலையே தேவலாம். கறுப்புப் படத்தில் ஒன்றும் இல்லாவிட்டாலும் வெள்ளைச் சுவர் படத்தில் மறுபடி தேடுங்கள்.

அடுத்தது ஷட்டர். மிக வேகமான ஸ்பீடில், அப்பர்ச்சரைத் திறந்து, ஒரே நிறமான பரப்பை வரிசையாகப் பத்துப் பதினைந்து படம் எடுங்கள். ஏதாவது ஒன்றில் மேலோ கீழோ இருட்டுப் பட்டை வந்தால் ஷட்டர் திரை சரியாக ஓடவில்லை. நிகான் டி750-இல் 2014-இல் தயாரான சில பாடிகளுக்கு இதே மாதிரி நிழல் விழும் குறைக்காக 2015-இல் நிகானே அறிவிப்பு வெளியிட்டு இலவசமாகச் சரிசெய்தது. அந்த மாடலை வாங்குபவர் சீரியல் எண்ணைச் சொல்லி சர்வீஸில் கேட்டுக்கொள்ளலாம். நிகான் டி600-இலும் சென்சாரில் புள்ளி படியும் பிரச்சினை இருந்து, கம்பெனியே ஷட்டரை மாற்றிக் கொடுத்தது. மாற்றிய பீஸா என்று தெரியாமல் டி600 எடுக்க வேண்டாம்.

மிச்சம் வேகமாக முடிந்துவிடும். ஒவ்வொரு பட்டனும் டயலும் ஒருமுறை. இரண்டு கார்டு ஸ்லாட்டும் தனித்தனியாக. ஹாட் ஷூவில் ஃபிளாஷ். திரையைத் திருப்பக்கூடியது என்றால் எல்லாக் கோணத்திலும் திருப்பிப் பாருங்கள். உள்ளே உள்ள ஃப்ளெக்ஸ் கேபிள் அறுந்திருந்தால் ஏதோ ஒரு கோணத்தில் திரை அணையும். கடைசியாகப் பத்து நிமிடம் நிறுத்தாமல் வீடியோ ஓடவிடுங்கள். அது ஓடும் நேரத்தில் பெட்டி, சார்ஜர், பில்லைப் பார்த்துக்கொள்ளலாம். சில மிரர்லெஸ் பாடிகளை அணைத்துவிட்டு ஆட்டினால் உள்ளே ஏதோ ஆடும் சத்தம் வரும். சென்சார் ஸ்டெபிலைசேஷன் உள்ள பாடிகளில் அது சாதாரணம்.

8. லென்ஸைச் சோதிக்கும் வரிசை

முன், பின் மூடியைக் கழற்றி, அப்பர்ச்சரைத் திறந்து, பின்பக்கமிருந்து டார்ச்சைச் சாய்வாக அடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். பிறகு திருப்பிப் பாருங்கள். சிலந்தி வலை மாதிரி கிளைவிட்டு ஓடினால் ஃபங்கஸ். ஒரே சீராகப் பால் படர்ந்த மாதிரி இருந்தால் ஹேஸ். தனித்தனியாக மின்னும் துகள்கள் வெறும் தூசி.

இதில் புதியவர்களின் தீர்ப்பு பெரும்பாலும் தலைகீழாக இருக்கிறது. நாலு தூசியைப் பார்த்துவிட்டு நல்ல லென்ஸைத் தள்ளிவிடுகிறார்கள். தூசி படத்தில் வராது. ஹேஸை "லைட்டா மங்கல்" என்று விட்டுவிடுகிறார்கள். எதிர் வெளிச்சத்தில் எடுக்கும்போதுதான் படம் முழுக்க வெளுத்துப் போவது தெரியும். முன் கண்ணாடியில் ஒரு மெல்லிய கீறலுக்கு விலையைக் குறைத்துக் கேட்டு வாங்கலாம். பின் கண்ணாடியில் கீறல் என்றால் வேண்டாம், அங்கே இருப்பது படத்தில் எளிதாகத் தெரியும்.

"பத்து வருஷமா பீரோவுல பத்திரமா இருந்தது" என்பது லென்ஸுக்கு நற்சான்று ஆகாது. காற்றோட்டமும் வெளிச்சமும் இல்லாத இடத்தில் ஈரப்பதம் தங்கினால்தான் ஃபங்கஸ் வளரும். மதுரை வெயில் ஊர்தான், ஆனால் ஐப்பசி கார்த்திகை மழையில் தோல் உறைக்குள் பூட்டிக் கிடந்த லென்ஸுக்கு அந்த வெயிலால் பயனில்லை. வாரா வாரம் வேலைக்குப் போய்வந்த லென்ஸில் பெரும்பாலும் ஃபங்கஸ் இருக்காது.

அடுத்து தினசரித்தாளைச் சுவரில் மடிப்பில்லாமல் ஒட்டி, கேமராவை அதற்கு நேராக மேசையில் வைத்து, அகலத் திறந்த அப்பர்ச்சரில் எடுங்கள். நடுவில் எழுத்து கூர்மையாக இருந்து நாலு மூலையும் ஒரே அளவு மென்மையாக இருந்தால் பரவாயில்லை. ஒரு மூலை மட்டும் மற்ற மூன்றையும்விட மோசமாக இருந்தால் உள்ளே ஒரு கண்ணாடி நகர்ந்திருக்கிறது, அதாவது லென்ஸ் எங்கோ விழுந்திருக்கிறது. ஃபில்டர் ரிங்கில் நசுங்கல் இருந்தால் இந்தச் சோதனை கட்டாயம். கேமரா கோணலாக இருந்தாலும் இதே விளைவு வரும் என்பதால், தலைகீழாகத் திருப்பி இன்னொரு முறை எடுங்கள். மோசமான மூலை கேமராவோடு சேர்ந்து திரும்பினால் குறை லென்ஸில்.

அப்பர்ச்சரை எஃப் 11-க்கு வைத்து, ஜூமை எல்லா நிலைக்கும் மாற்றிச் சில படங்கள் எடுங்கள். கேனான் 24-105 முதல் தலைமுறை எல் லென்ஸில் அப்பர்ச்சர் ஃப்ளெக்ஸ் கேபிள் அறுவது தெரிந்த நோய். அகலத் திறந்து எடுக்கும்வரை எல்லாம் சரியாக இருக்கும்; மூடியதும் எர்ரர் 01 வரும்.

தூரத்து ஃபோகஸையும் பார்த்துவிடுங்கள். ஒத்தக்கடைப் பக்கம் சந்தித்தால் யானைமலை இருக்கவே இருக்கிறது. மலையின் விளிம்பு கூர்மையாக விழவேண்டும்.

பொருத்தம் பற்றி ஒரு எச்சரிக்கை. நிகானின் பழைய 50 எம்எம் 1.8 டி லென்ஸ் மலிவாகக் கிடைக்கிறது என்று டி3500, டி5600 வைத்திருப்பவர்கள் வாங்கிவிடுகிறார்கள். அந்த பாடிகளில் ஃபோகஸ் மோட்டார் இல்லாததால் ஆட்டோ ஃபோகஸ் ஓடாது. நிகானின் எஃப்டிஇசட் அடாப்டர் போட்டு அதன் மிரர்லெஸ் இசட் பாடியில் மாட்டினாலும் அதே கதை. அவர்களுக்கு லென்ஸுக்குள்ளேயே மோட்டார் உள்ள 1.8 ஜி தான் வேண்டும். கேனான் இஎஃப் லென்ஸ்களுக்கு இந்தத் தொல்லை இல்லை, அடாப்டரோடு கேனானின் மிரர்லெஸ் ஆர் பாடிகளில் ஆட்டோ ஃபோகஸ் ஓடும்.

9. ரீஃபர்பிஷ்டு பீஸுக்குக் கூடுதல் கேள்விகள்

மேலே சொன்ன சோதனை அத்தனையும் ரீஃபர்பிஷ்டுக்கும் உண்டு. வாரன்டி இருக்கிறதே என்று விட்டுவிடுகிறவர்கள் பிறகு சர்வீஸுக்கு அனுப்புவதிலேயே மாதங்களைக் கழிக்கிறார்கள்.

வாரன்டி பில்லிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஷட்டருக்கு உண்டா? நிறைய வாரன்டிகள் பாடிக்கு என்று சொல்லிவிட்டு, தேயும் பார்ட்டுகளைச் சின்ன எழுத்தில் விலக்கிவிடும். கூரியர் செலவு யாருடையது? சரிசெய்ய முடியாவிட்டால் பணமா, வேறு பீஸா? திருப்பிக் கொடுக்க எத்தனை நாள், அது பெட்டி கைக்கு வந்த நாளிலிருந்தா, அனுப்பிய நாளிலிருந்தா?

வெளிநாட்டிலிருந்து உறவினர் வழியாக ரீஃபர்பிஷ்டு வரவழைப்பவர்கள் கவனிக்க: அங்கே கம்பெனி கொடுக்கும் வாரன்டி பொதுவாக அந்த நாட்டோடு முடியும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கான சோனி பாடிகள் பலவற்றில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும்தான் வரும், மாற்ற வழியில்லை.

10. விலை பேசுவது

பேரத்தை இங்கே தொடங்குங்கள், சோதனைக்கு முன் தொடங்காதீர்கள்.

ஒரு உதாரணக் கணக்கு. ஒரே மாடல், தனி ஆளிடம் 50,000, கடையில் ஆறு மாத வாரன்டியோடு 57,000 என்று வைத்துக்கொள்வோம். அந்த 7,000 தான் வாரன்டியின் விலை. நீங்கள் விசாரித்து வைத்த ஷட்டர் செலவு 14,000 என்றால், அதில் பாதியைக் கொடுத்து ஆறு மாதப் பாதுகாப்பு வாங்குகிறீர்கள். பாடி நிறைய ஓடியது, வாரன்டி ஷட்டரையும் சேர்க்கிறது என்றால் கொடுக்கலாம். ஷட்டருக்கு வாரன்டி இல்லை, அல்லது தனி ஆளின் பீஸ் குறைவாக ஓடி எல்லாச் சோதனையிலும் தேறியது என்றால், அந்த 7,000-ஐக் கையில் வைத்துக்கொள்வதே மேல். கூடுதல் விலை ஷட்டர் செலவையே தொட்டுவிட்டால் யோசிக்கவே வேண்டாம்.

பருவமும் உண்டு. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் கிடையாது. ஸ்டூடியோக்காரர்களுக்குக் கைச்செலவு தட்டும், பழையதைத் தள்ளிவிட நேரமும் இருக்கும். தை பிறந்துவிட்டால் அதே ஆள் விலையை இறக்க மாட்டார்.

11. காகிதமும் பணமும்

தனி ஆளிடம் வாங்கினால் ஒரு வெள்ளைத்தாளில் மாடல், சீரியல் எண், விலை, தேதி, இருவர் பெயர், முகவரி, கையெழுத்து. விற்பவரின் அடையாள அட்டை நகல் ஒன்று. ஒரிஜினல் பில்லையும் வாங்கிக்கொள்ளுங்கள். பணத்தை யுபிஐயிலோ வங்கி வழியாகவோ கொடுங்கள், பதிவு இருக்கும்.

பார்க்காத பொருளுக்கு அட்வான்ஸ் கூடாது. "ராணுவத்துல இருக்கேன், டிரான்ஸ்ஃபர் ஆயிருச்சு, கூரியர்ல அனுப்பிடறேன்" என்று அடிமாட்டு விலைக்கு வரும் விளம்பரம் பழைய மோசடி. பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு அழையுங்கள்.

கடையில் வாங்கினால் ஜிஎஸ்டி பில். பில் இருந்தால் நுகர்வோர் உதவி எண் 1915 வழியாகவும் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் புகார் செய்யலாம். தொழிலுக்கு வாங்கியது செல்லாது என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம்: சுயதொழிலாகத் தன் பிழைப்புக்கென்றே வாங்கிப் பயன்படுத்துபவரையும் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நுகர்வோராகவே ஏற்கிறது. தன் பழைய கேமராவை விற்கும் தனி ஆளிடம் இந்த வழி அநேகமாக உதவாது.

12. முதல் வாரம்

வாங்கி வந்ததும் பேட்டரியை முழுக்க ஏற்றி, மெனுவில் ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள். பழைய உரிமையாளரின் வைஃபை, காப்பிரைட் பெயர் எல்லாம் போகவேண்டும். அவர் பெயர் எக்ஸிஃப்பில் கிடந்தால் உங்கள் படம் முழுக்க அவர் பெயரில் போகும்.

திருப்பிக் கொடுக்கும் அவகாசம் பத்து நாள் என்றால் ஒன்பதாம் நாளுக்குள் கேமராவை நன்றாக உழைக்க விடுங்கள். வெயிலில் ஒரு பகல், இருட்டில் ஒரு மாலை, அரை மணி நேர வீடியோ, நூற்றுக்கணக்கில் கிளிக். உறவில் ஒரு காதுகுத்து இருந்தால் கூலி இல்லாமல் போய் எடுங்கள். பணம் வாங்கிய வேலைக்கு இதை முதல் முறையாக எடுத்துப் போகாதீர்கள்.

ஏதாவது தவறு தெரிந்தால் அந்தப் படத்தை எடிட் செய்யாமல் அப்படியே வைத்து, கடைக்கு எழுத்தில், வாட்ஸ்அப்பிலாவது, அன்றைக்கே அனுப்புங்கள். போனில் மட்டும் சொன்னால் "நாளைக்குப் பார்க்கலாம்" என்று அவகாசம் முடியும்வரை இழுப்பார்கள். இடையில் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுத்துத் திறக்கவும் கூடாது, அதோடு வாரன்டி போய்விடும்.